குளிசை வந்தது, பவுசர் எப்போது வரும்? – எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர் அவர்களுக்கும், 2025 மே தேர்தலுக்கு லயம் லயமாக ஏறி இறங்கி வாக்குக் கேட்ட எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விஷயம் தோட்டத்து லயங்களின் கக்கூஸ் பற்றியது, நிரம்பிய மலக்குழியை உறிஞ்சி எடுக்கிற சபையின் பவுசர் வண்டி எங்களுக்கும் வர வேண்டும் என்பது பற்றியது. சபையில் பேசக் கூச்சப்படுவீர்கள், அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த பிறகு பாதையில் விழுந்த மண்ணை அள்ளினீர்கள், தண்ணீர்ப் போத்தல் கொடுத்தீர்கள், நல்லது. ஆனால் லயத்துக் கோடியில் இருக்கிற மலக்குழிகள் என்ன ஆயின என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளம் என்றால் உங்களுக்கு ஆற்றோரம்தான் ஞாபகம் வருகிறது. இங்கே வெள்ளம் மேல் லயத்திலிருந்து வரும். மழை விடாமல் பிடித்தால் தண்ணீர் மண்ணுக்குள்ளேயே ஊறி வந்து குழியை நிரப்பும், நிரம்பினது கானில் இறங்கும், கான் வழியாகக் கீழ் லயத்து வாசலுக்கு, அங்கிருந்து நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு, பிள்ளைகள் பந்து அடிக்கிற இடத்துக்கு.

‘பள்ளிக்கூடத்தில்தான் பூச்சிக் குளிசை கொடுக்கிறார்களே’ என்று உங்களில் ஒருவர் சொன்னார். கொடுக்கிறார்கள், கொடுக்கவும் வேண்டும். ஆனால் குளிசை வயிற்றில் இருப்பதைத்தான் விரட்டும், மண்ணில் கிடப்பதை ஒன்றும் செய்யாது. ஒரு பெண் வட்டப்புழு ஒரு நாளைக்கு 2 இலட்சம் முட்டை வரை இடும். ஈர மண்ணில் சில வாரம் கிடந்து முற்றிய பிறகுதான் அது தொற்றும், அதற்கப்புறம் நம்முடைய மாதிரி நிழலும் குளிருமான இடத்தில் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பீலித் தொட்டியில் குளோரின் போட்டாலும் சாகாது. கொழுக்கிப்புழுவின் வழி வேறு. அதன் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், கடைசியில் குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும். கொழுந்து எடுக்கிற அக்காமாருக்கு இரத்தம் குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு, சாப்பாடே முதல் காரணம், ஆனாலும் அந்த ஈர மண்ணில் நின்றுகொண்டு இரும்புக் குளிசையை மட்டும் விழுங்கச் சொல்வது என்ன வைத்தியம்?

இது புதுச் சண்டையும் இல்லை. 1916இல் ராக்பெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் கொழுக்கிப்புழுவை ஒழிக்க இலங்கைக்கு வந்து மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் வேலையைத் தொடங்கினார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, ஒழுங்கான கக்கூஸ் இல்லாததால் திரும்ப வந்தது. அதைக் கட்டச் செலவழிக்கத் தோட்டத்துத் துரைமாருக்கு மனம் வரவில்லை. நூறு வருடம் தாண்டியும் நாம் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘அது தோட்டத்துக் காணி, கம்பனியைக் கேளுங்கள்’ என்ற பதிலைத் தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள். கம்பனிக்குப் பொறுப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அவர்களுக்குத் தனியாக எழுதுவேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த 33ஆம் பிரிவைக் காட்டித்தான் முப்பது வருடமாகச் சபைப் பணம் தோட்டத்துக்குள் வராமல் இருந்தது. 2018இல் அதைத் திருத்தியாயிற்று. சட்டம் மாறியும் பவுசர் மட்டும் டவுனிலேயே நிற்கிறது.

பவுசர் வந்தாலும் ஃபெக்டரி வரைக்கும்தான் பாதை, அதற்குக் கீழே படிக்கட்டு. நீளக் குழாயும் சின்ன பம்ப்பும் இல்லாமல் வந்து பிரயோசனம் இல்லை. உறிஞ்சியதை எங்கே கொட்டுவீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ராத்திரியில் தேயிலைக் கானில் ஊற்றிவிட்டுப் போவதாக இருந்தால் வரவே வேண்டாம். கானில் இறங்குவது கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது, கொழும்பு குடிக்கிறது அந்தத் தண்ணீரைத்தான். (அப்படிச் சொன்னாலாவது மேலிடத்தில் காது கேட்கும்.) பவுசர் போக வழியே இல்லாத லயங்களுக்கு இரட்டைக் குழி கட்டிக் கொடுங்கள், ஒன்று நிரம்பினால் மூடி வைத்துவிட்டு மற்றதைப் பாவிக்கலாம். ஆனால் மூடிய குழியை ஆறு மாதத்தில் திறந்து அள்ளச் சொல்லக் கூடாது, நம்முடைய குளிருக்கு இரண்டு வருடமாவது கிடக்க வேண்டும்.

அள்ளுகிறவர்களும் நம் பிள்ளைகள்தானே, அவர்களுக்கு பூட்ஸும் கையுறையும் கொடுங்கள், குளிசையும் கொடுங்கள்.

செலவு இல்லாத வேலையும் ஒன்று இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பிஎச்ஐ ஐயாவையும் தோட்டத் தலைவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து, எந்தெந்த ஊற்றுக்கு மேலே மலக்குழி இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதை வைகாசி மழை இறங்குவதற்கு முன்னால் முடித்துவிடலாம்.

வரும் மாத அமர்வில் இதற்குப் பிரேரணை கொண்டு வருவது யார், வழிமொழிவது யார் என்று பெயரோடு பதில் போடுங்கள். அன்றைக்கு நாங்களும் சபைக்கு வந்து உட்காருவோம்.

இப்படிக்கு,
கீழ் லயத்தில் இருக்கும் ஒரு வாக்காளர்