அந்தத் தையல் மெஷினை இரும்புக்குப் போட்டுவிடாதே

மெல்போர்ன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு. சின்னவன் உன்னை மாதிரியே, கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான். உன் தங்கச்சி ஏற்காடு கதையை இன்னும் மறக்கவில்லை, நேரில் வந்து பதில் சொல்லிக்கொள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் நம்ம கேம்பர் டிரெய்லரின் கூடாரம் கிழிந்துவிட்டது. போட்டோவைப் பார்த்து, 'என்னடா இது, மாட்டு வண்டிக்குப் பந்தல் போட்ட மாதிரி' என்றாயே, அதுதான். வில்சன்ஸ் புரோமன்டரி போயிருந்தோம். இங்கிருந்து மூன்று மணி நேரம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடி அங்கேதான் இருக்கிறது. அதற்கப்புறம் பாஸ் நீரிணைதான். காற்று அங்கிருந்து நேராக அடிக்கும். டைடல் ரிவர் முகாமில் ராத்திரி ஒரு மரக்கிளை முறிந்து கூரைமேல் விழுந்து, சரிந்து இறங்கும்போது கூரையும் சுவரும் சேரும் இடத்துக்குக் கீழே 'ட' வடிவத்தில் கிழித்துவிட்டது. ஒரு பக்கம் முழங்கை நீளம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் துணி காய்ந்ததும் உள்பக்கம் டியர்-எய்டு என்ற ஒட்டுப் பட்டையை ஒட்டினேன். அதில் 'ஏ' வகைதான் துணிக்கு, 'பி' வகை வினைலுக்கு. வீடு வரும்வரை மழையைத் தாங்கியது.

இங்கே ஒரு கடையில் காட்டினால், தைக்க முடியாது, முழுக் கித்தானையும் மாற்று என்கிறார்கள். டிரெய்லரையே நான் அவர்கள் கேட்ட பணத்தைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன்! எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. கிழிசலுக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கல்லாட்டம் நின்றது. வெயிலில் செத்துப்போன கித்தான் என்றால் கையோடு வந்துவிடும், அதில் ஊசி ஏற்றி என்ன பயன்? இது உயிருள்ள துணி. இதைத் தூக்கி எறியச் சொல்ல எப்படி மனசு வருகிறது?

அப்போது உங்கள் அப்பாதான் நினைவுக்கு வந்தார். சங்ககிரியில் உங்கள் கடையில், லாரித் தார்ப்பாய்க்கு அடியில் நாம் ஒளிந்து விளையாடும்போது அவர் சொல்லிக்கொண்டே தைப்பாரே: "கிழிசலை முதல்ல சேர்த்து வை, ஒட்டெல்லாம் அப்புறம்." அதையேதான் செய்தேன். ஒரு விளிம்பை இன்னொன்றின் மேல் ஏற்றாமல், முட்டவைத்து, குறுக்குத் தையல் போட்டுச் சேர்த்தேன். ஏற்றித் தைத்தால் அந்த அளவுக்குத் துணி குறைந்து, சட்டத்தில் மாட்டும்போது இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே மறுபடி கிழியும். அப்புறம் அதே கனத்தில் ஒரு பாலியெஸ்டர்-பருத்திக் கித்தான் துண்டு, இழை ஓடும் திசை பழைய துணியோடு ஒத்துப்போகும்படி. கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம். மூலைகளை வட்டமாக வெட்டினேன். கூர் மூலைதான் முதலில் பெயரும், அதுவும் அப்பா சொன்னதுதான்.

தைப்பதற்குக் கைப்பிடிக்குள்ளேயே நூல்கண்டு வைத்த ஓர் ஊசி கிடைக்கிறது. வெளியிலிருந்து குத்தி, கொஞ்சம் பின்வாங்கினால் உள்ளே நூல் வளையமாக நிற்கும். அந்த வளையத்துக்குள் இன்னொரு நூலை விட்டு இறுக்கினால் மெஷின் தையல் மாதிரியே பூட்டிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்து நூல் விட்டவள் பெரியவள். பரீட்சையை மறந்து சாயங்காலம் முழுக்க இருந்தாள், மாப்ளே. நூல், நடுவில் பாலியெஸ்டர், மேலே பருத்தி சுற்றியது. நனைந்தால் பருத்தி ஊதி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும், பாரத்தைப் பாலியெஸ்டர் தாங்கும். தைத்து முடித்ததும் குழாய் போட்டு நனைத்தேன். ஒழுகியது. காயவைத்து மறுபடி நனைத்தேன், சொட்டியது. அடுத்தடுத்த நனைப்பில் நின்றேவிட்டது! உன்னைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது.

தையல்மேல் தேன்மெழுகுதான் தேய்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சிலிகான் பூசச் சொன்னார், மறுத்துவிட்டேன். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது. இன்னொரு முறை கிழிந்தால் அந்த இடத்தில் கைவைக்கவே முடியாது. சோப்புத் தூளும் கிட்டே வரக்கூடாது, நீர் புகாமல் இருக்க ஏற்றிய பூச்சையெல்லாம் எடுத்துவிடும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணம். போன தடவை பேசும்போது, அப்பாவின் பெரிய மெஷினை இரும்புக் கடைக்குப் போடப்போவதாகச் சொன்னாய். தொழில் போய்விட்டது, எனக்குத் தெரியும். லாரிக்காரர்கள் பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு மாறிவிட்டார்கள், அப்பாவுக்கும் கை நடுங்குகிறது. ஆனாலும் போடாதே. இடம்தான் பிரச்சினை என்றால் எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் வை, நான் சொல்லிக்கொள்கிறேன். அதைவிட முக்கியம், நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய். ஓரத்தில் கயிறு வைத்து எப்படி மடிப்பார், வளையம் எப்படி அடிப்பார், எந்தத் தார்ப்பாயைத் 'தேறாது' என்று திருப்பி அனுப்புவார், எல்லாவற்றையும். கடை ஓரத்திலேயே வளர்ந்த நீ இதைச் செய்யவில்லை என்றால் வேறு யார் செய்வார்கள்? நான் கோபமாகத்தான் கேட்கிறேன்.

முதல் கேள்வியாக இதைக் கேள்: மூன்று தையல்கள் ஒன்றாக வந்து சேரும் மூலையில் எனக்கு இன்னும் லேசாகக் கசிகிறது. அங்கே அவர் உள்பக்கம் ஒட்டு வைப்பாரா, வெளிப்பக்கமா? பொங்கலுக்குள் சொல்லு, இங்கே அப்போது கோடை விடுமுறை, மறுபடி கிளம்புகிறோம்.

அன்புடன்,
உன் மாப்ள