அடைப்புக்குறிக்கு முன் நிற்கும் மைனஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேர்க்கோட்டின் சமன்பாட்டைப் புள்ளி-சாய்வு வடிவத்திலிருந்து (கோட்டின் ஒரு புள்ளியையும் சாய்வையும் வைத்து எழுதுவது) சாய்வு-வெட்டுத்துண்டு வடிவத்துக்கு (சாய்வும், கோடு ஒய் அச்சை வெட்டும் இடமும் தெரியும்படி எழுதுவது) மாற்றுவதை வெறும் மனப்பாடமாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் நான்.

சென்ற வாரம் பேத்தியின் நோட்டைப் புரட்டினேன். சாய்வு −2, அதாவது வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் கோடு இரண்டு கட்டம் இறங்கும்; புள்ளி (5, 3). 'ஒய் − 3 = −2(எக்ஸ் − 5)' என்று சரியாகவே தொடங்கியிருந்தாள். அடுத்த வரியில் வலப்பக்கம் '−2எக்ஸ் − 10' ஆகிவிட்டது. மைனஸ் இரண்டை மைனஸ் ஐந்தால் பெருக்கினால் பிளஸ் பத்து அல்லவா? 'ஒய் = −2எக்ஸ் − 7' என்று முடித்து, அடியில் இரட்டைக் கோடும் போட்டிருந்தாள்.

நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. "எக்ஸுக்கு 5 போட்டுப் பார், கண்ணு" என்றேன். 3 வரவேண்டிய இடத்தில் −17 வந்தது! அவளே மேலே போய் அந்தக் குறியைப் பிடித்துவிட்டாள். ஒய் = −2எக்ஸ் + 13.

இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும். அவளுடைய பயிற்சி ஏட்டில் அதற்கு ஒரு வரி இடம்கூட இல்லை. அந்த 13 எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் இல்லை. புள்ளியிலிருந்து இடப்பக்கம் ஐந்து கட்டம் நகர்ந்தால், கட்டத்துக்கு இரண்டாகப் பத்து உயர்ந்து, கோடு ஒய் அச்சை 13இல் வெட்டுகிறது. வரைபடத்தாளில் விரல் வைத்து எண்ணியபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பயிற்சி ஏடு தயாரிப்பவர்கள் ஒவ்வொரு கணக்கின் கீழும் சரிபார்க்க ஒரு வரியும், வரைய ஒரு சிறு கட்டமும் விடவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை