வாத்தியார் வரைந்த தேர்: இன்னும் 146 விநாடிக்கு வடம் பிடிக்க ஆள் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் டிராயிங் வாத்தியார் திருவாரூர்த் தேரை அசையும் படமாக ஓட்டிப் பார்க்கத் தாள் தாளாக வரைந்துவைத்ததை ஸ்கேன் செய்து காப்பாற்ற இன்னும் ரூ.43,600 குறைகிறது, அதாவது அந்தப் படத்தில் 146 விநாடிக்கான பணம். ஸ்கேனர் விற்பவர் புரட்டாசி கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். ஐப்பசி பிறந்தால் அடைமழை. டிராயிங் வாத்தியார் விட்டுப்போன 31 ஜவுளிக்கடைப் பெட்டிகளும் இன்னும் அவர் வீட்டு ரேழியில்தான் அடுக்கியிருக்கின்றன.

திருவாரூருக்குப் பெருமை சொல்ல ஆரம்பித்தால் இந்த நோட்டீஸ் போதாது. சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பெயர் வாங்கிய ஊர். திருவாரூரில் பிறந்தவர் எல்லாருக்கும் தாம் அடியேன் என்று சுந்தரரே சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கில் நீங்களும் அடக்கம். குழுவின் பெரியவர்கள் இதையே இன்னும் இரண்டு பக்கம் எழுதித் தந்தார்கள். அச்சுக்கூலி கருதிக் குறைத்துவிட்டோம், மன்னிக்கவும். ஆனால் தேரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அலங்கரித்து நின்றால் 96 அடி. திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்த பிறகும், வீதி திரும்பும்போது முட்டுக்கட்டைக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

அந்தத் திருப்பத்தைத்தான் வாத்தியார் வரைந்தார். 1994-ல் தொடங்கி 2006 வரை, 12 வருஷம், ஏறக்குறைய நாளைக்கு ஒரு படம் என்ற கணக்கில் 4,320 தாள். சினிமாவில் விநாடிக்கு 24 படம் ஓடும். ஒரே படத்தை இரண்டு தடவை காட்டினால் 12 வரைந்தால் போதும். அப்படிப் பார்த்தால் அவருடைய 12 வருஷம் திரையில் சரியாக 6 நிமிஷம்! பின்னணிப் படத்தின் மேல் வைத்தால் அடியில் இருப்பது தெரியும் செல்லுலாய்டு தாள் வாங்க வசதி இல்லாததால், பின்னால் நிற்கும் கோபுரத்தையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கண்ணாடி மேஜைக்கு அடியில் ட்யூப்லைட்டைப் போட்டு, முந்தின தாளின் மேல் அடுத்த தாளை வைத்து வரைவார். தாள் நகராமலிருக்க ஆபீஸ் பஞ்சிங் மிஷினால் இரண்டு ஓட்டை. அதில் மாட்ட நாச்சியார்கோயில் பட்டறையில் சொல்லிச் செய்த இரண்டு பித்தளை முளை. அந்த முளைகள் இப்போது எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன.

812-ஆம் தாளிலிருந்து 823 வரை விரலால் புரட்டிப் பாருங்கள். ஒரு கை முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருகுகிறது. நாலாவது தாளில் கட்டை நசுங்குகிறது. ஏழாவதில் கை பின்னால் வந்துவிட்டது, ஆனால் சுண்டுவிரல் மட்டும் இன்னும் கட்டையோடு ஒட்டி நிற்கிறது. அதைப் பார்த்த முன்னாள் முட்டுக்கட்டைக்காரர் ஒருவர் ஒன்றும் பேசாமல் தன் விரலைத் தடவிக்கொண்டார்.

“செல்போனில் படம் பிடித்தால் ஆகாதா?” என்று கேட்பவர்களுக்கு: பிடித்துப் பார்த்தோம். ஒரு படத்தில் வெளிச்சம் கூட, அடுத்ததில் குறைவு. ஓட்டினால் தேரோடு சேர்ந்து கோபுரமும் ஆடுகிறது. தேர் ஆடலாம், கோபுரம் ஆடலாமா? தானாகத் தாளை இழுக்கும் மிஷினில், ஒரு கடையில் கொடுத்தும் பார்த்தோம். 1,147-ஆம் தாள் குறுக்கே கிழிந்து வந்தது. அன்று வாத்தியார் வீட்டு அம்மா முகத்தைப் எங்களால் பார்க்க முடியவில்லை.

ஆகவே ஏ3 அளவுள்ள தட்டை ஸ்கேனர்தான் வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் அந்தப் பித்தளை முளைகள் பதித்த பட்டையை ஒட்டி, ஒவ்வொரு தாளையும் கையால் மாட்டி, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எடுக்க வேண்டும். கருப்பு வெள்ளையில் எடுத்தால் அவர் நீலப் பென்சிலில் போட்ட முதல் கோடுகள் மறைந்துபோகும், அதனால் கலரில்தான். தாளுக்கு 50 எம்பிக்கு மேல் பிடிக்கும். சேர்த்து ஓட்டிப் பார்க்க ஓபன்டூன்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கம்ப்யூட்டரைக் குழுத் தம்பி ஒருவர் இரவல் தருகிறார்.

செலவு: பழைய ஸ்கேனர் ரூ.62,000. ஹார்ட் டிஸ்க் இரண்டு (ஒன்று இங்கே, ஒன்று வெளியூரில்) ரூ.10,000. இரண்டு பிள்ளைகளுக்கு 24 நாள் கூலி, ஆளுக்கு ரூ.500 வீதம் ரூ.24,000. கரண்ட் போனால் தாங்க யுபிஎஸ் ரூ.5,500. பட்டர் பேப்பர், பிரஷ், சிலிக்கா ஜெல் ரூ.3,500. ஆக ரூ.1,05,000. இதுவரை வந்தது ரூ.61,400.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கீழ வீதிப் பூக்கடை அக்கா ஒரு வெள்ளிக்கிழமை வியாபாரம் முழுவதையும் சுருக்குப் பையோடு கொடுத்தார். பையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் கோபித்துக்கொண்டார். வாத்தியாரிடம் படித்துச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவர் ரூ.20,000 அனுப்பி, பேர் போடக்கூடாது என்று மூன்று தடவை போன் செய்தார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் உண்டியல் உடைத்த ரூ.742 முழுக்கச் சில்லறை. எண்ணவே ஒரு மணி நேரம் ஆனது. தேருக்குச் சாரம் கட்டும் ஆட்கள் பணத்தோடு நிற்காமல், நனையாத இடத்துக்குப் பெட்டிகளைத் தூக்கிவைக்கவும் வருகிறோம் என்றிருக்கிறார்கள். நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். தியாகேசன் கைவிட மாட்டார்.

கூட்டத்தில் பணம் தருகிறோம் என்று கைதூக்கிவிட்டுப் போன 14 பேருக்கும் ஒரு வார்த்தை. பேர் சொல்ல மாட்டோம், உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப்பேர் வாத்தியாரிடம் காதில் திருகு வாங்கி வட்டம் போடக் கற்றவர்கள். காதுகுத்துக்கு வைக்கிற பிளெக்ஸ் பேனருக்கே நாங்கள் ஒரு விநாடிக்குக் கேட்பதைவிடக் கூடச் செலவாகிறது.

2018 கஜா புயலில் ஓடு பறந்து நாலு பெட்டி நனைந்தது. வெயிலில் காயவைத்ததில் அந்தத் தாள்கள் அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடக்கின்றன. நமிநந்தியடிகள் தண்ணீர் ஊற்றி விளக்கெரித்த ஊர்தான் இது. ஆனாலும் பென்சில் கோட்டுக்குத் தண்ணீர் ஆகாது. இன்னொரு மழையை அந்த ரேழி தாங்காது.

ரூ.300 கொடுத்தால் ஒரு விநாடி, அதாவது 12 தாள், உங்கள் கணக்கில் ஏறும். இன்னும் 146 விநாடி பாக்கி. தனியாக முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒரு விநாடி எடுங்கள். பணத்தைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஆயுத பூஜைக்கு ஸ்கேனர் வந்துவிட வேண்டும், பொட்டு வைத்துத்தான் தொட வேண்டும் என்பது பெரியவர்கள் உத்தரவு. கண்ணாடியில் மட்டும் சந்தனம் படாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று பிள்ளைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விஜயதசமியன்று முதல் தாள்.

இப்படிக்கு,
டிராயிங் வாத்தியார் படங்களைக் காக்கும் குழுவினர்,
திருவாரூர்

பி.கு.: மேல வீதித் திருப்பத்தில் 2,316 முதல் 2,319 வரை நாலு தாளைக் காணவில்லை. வாத்தியார் யாருக்காவது ஆசையாகக் கொடுத்திருக்கலாம். பிரேம் போட்டு மாட்டியிருந்தாலும் பரவாயில்லை, பிரேமோடு கொண்டுவாருங்கள். பத்து நிமிஷத்தில் ஸ்கேன் செய்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறோம்.