புளிக்கு அரசு விலையும் பிரசவ காலத்துக்குத் தங்குமிடமும் கேட்டு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவி மற்றும் உறுப்பினர்கள்,
பழங்குடி மகளிர் சுய உதவிக் குழுக்கள்,
ஜவ்வாது மலை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பொருள்: ஊரிலேயே புளி கொள்முதல், மருத்துவச் செலவுக்குக் குழுவுக்குச் சுழல் நிதி, பிரசவ காலத் தங்குமிடம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். நாங்கள் ஜவ்வாது மலையில் வாழும் 'மலையாளி' என்ற தமிழ்நாட்டுப் பழங்குடிப் பெண்கள். சாமை விதைக்கிறோம், ஆடு மாடு வைத்திருக்கிறோம். ஆனால் கையில் ரொக்கம் பார்ப்பது புளி, கடுக்காய், நெல்லிக்காய் காலத்தில்தான். அதிலும் புளிதான் பெரிது. புளியைப் பற்றி ஒரு மனு, பிரசவத்தைப் பற்றி ஒரு மனு என்று தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னார்கள், இரண்டும் வேறு வேறு துறையாம். எங்கள் வீடுகளில் இரண்டும் ஒரே கணக்கில் வருவதால் ஒரே மனுவாகக் கொடுக்கிறோம்.

வீட்டில் ஒருத்திக்கு மாதம் நெருங்கினால் கீழே இறங்க வண்டி வாடகை, கூடப் போகிறவருக்குச் சாப்பாடு, வலி வரும்வரை ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடக்கிற செலவு. பிரசவம் இலவசம்தான், அங்கே போய்ச் சேருவது இலவசம் இல்லை. அந்தப் பணத்தைப் புளி வியாபாரியிடம் முன்பணமாக வாங்குகிறோம். மரத்தில் பூ இருக்கும்போதே அந்த வருஷத்துப் புளி அவருடையதாகிவிடுகிறது. தை, மாசியில் காயை உலுக்கி, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, மூட்டை கட்டுவது மட்டும் எங்கள் வேலை. விலை அவர் சொல்வது, தராசு அவர் கொண்டு வருவது. எடை போட்ட பிறகு சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு. பங்குனி வெயிலில் காய்ந்த புளியில் ஏது ஈரம் என்று கேட்டால், "அப்போ கடனைக் கட்டிவிட்டு வேற ஆளிடம் போடு" என்கிறார். அதற்கு மேல் என்ன பேசுவது?

2020-ல் மத்திய அரசு திருத்தி அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை கொட்டைப் புளிக்கு கிலோ 36 ரூபாய், கொட்டை எடுத்த புளிக்கு 63 ரூபாய். அந்த விலையில் எங்கள் புளியை வாங்க யாரும் ஊருக்கு வந்ததில்லை. புளி, கடுக்காய் போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே தரலாம் என்று 2012-ல் திருத்திய விதிகள் சொல்கின்றன.

ஆகவே தை முதல் பங்குனி வரை ஊருக்கே வந்து, எல்லோரும் பார்க்க மின்னணுத் தராசில் எடை போட்டு, ஆதரவு விலையில் புளி வாங்கி, பணத்தை அந்தந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் போட ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். கூட்டுறவுச் சங்கம் வழியாக வந்தாலும் சரி, பழங்குடியினரின் வனப் பொருட்களைப் பதப்படுத்தி விற்க உதவும் மத்திய அரசுத் திட்டத்தின் வன் தன் மையம் வழியாக வந்தாலும் சரி. குளிர்பதனக் கிடங்கில் கொஞ்சம் இடமும் வேண்டும். மழைக்காலத்தில் வீட்டில் வைத்தால் புளி கறுத்துப்போகிறது, கறுத்த புளியை யாரும் விலை கேட்பதில்லை.

ஆனால் கொள்முதல் நிலையம் மட்டும் திறந்தால் போதாது. முன்பணம் வாங்கியவளால் புளியை அங்கே கொண்டுவர முடியாது. மருத்துவச் செலவுக்கென்றே குழுவின் கையில் ஒரு சுழல் நிதி, அதாவது ஒருத்தி வாங்கித் திருப்பிக் கட்டியதும் அடுத்தவளுக்குக் கொடுக்கிற பணம், இருந்தால்தான் அவள் வியாபாரியிடம் போகமாட்டாள். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் எங்களில் பலருக்கு வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. நடு ராத்திரியில் ஜீப் பிடிக்க அது காணாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் உதவி உண்டு. அதற்குக் கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிய வேண்டும். செல்போன் சிக்னலே இல்லாத ஊர்களில் அந்த 12 வாரம் சும்மா ஓடிவிடுகிறது. ரேஷன் போடுகிற நாளில் பெண்கள் எல்லோரும் கடைக்கு வருவோம். அன்று செவிலியர் அங்கே வந்து பதிவும் ரத்தப் பரிசோதனையும் செய்தால் யாரும் விட்டுப்போக மாட்டார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாத்திரை கொடுத்துவிட்டுப் போவதோடு நிற்காமல், அடுத்த மாதம் ரத்தம் ஏறியதா என்றும் பார்க்க வேண்டும்.

தேதி நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்க ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டி ஓர் அறை வேண்டும். கட்டில் மட்டும் போட்டால் பெண்கள் வரமாட்டார்கள். மாமியாரோ அம்மாவோ கூடத் தங்க இடமும், களி கிண்ட ஓர் அடுப்பும், மூத்த பிள்ளையை அழைத்துவர அனுமதியும் இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது என்ற ஒரே காரணத்துக்காகக் கடைசி நேரம்வரை இறங்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

வியாபாரிகள் முன்பணத்தோடு வரும் முன்பே சுழல் நிதி குழுவின் கைக்கு வரவும், கொள்முதல் உத்தரவு மார்கழிக்குள் கிடைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழங்குடி மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பம் மற்றும் கைநாட்டுப் பட்டியல்.