சிங்கர் மிஷினும் ஐந்நூறு கைத்துப்பாக்கியும்

எலிசபெத், நியூ ஜெர்சி
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டதே, அழகர் உடுப்பு தைக்கிற நெருக்கடியில் இருப்பீர்கள். சாயங்காலம் டீ வந்ததும் படியுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் "சாப்பிட்டியா, குளிர் எப்படி" என்பதைத் தாண்டி நீங்கள் போகவே விடுவதில்லை. சாப்பிட்டேன். குளிர் இன்னும் இருக்கிறது.

"அங்கே என்னதான் வேலை" என்று போன தடவை கேட்டபோது, "பழைய காகிதம் சம்பந்தப்பட்டது" என்று மழுப்பினேன். துப்பாக்கி என்றால் அம்மா பயந்துவிடும். ஒரு சின்ன ராணுவ அருங்காட்சியகத்தில் பழைய பராமரிப்புக் கையேடுகளை ஸ்கேன் செய்து பட்டியல் போடுகிறேன், அவ்வளவுதான். இந்த மாதம் முழுக்க ஒரே கைத்துப்பாக்கி பற்றிய கையேடுகள். ஜான் பிரவுனிங் என்பவர் வடிவமைத்து, 1911ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட 45 காலிபர் பிஸ்டல். 1985ல் பெரெட்டா என்ற வேறொரு பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கும்வரை அதுதான் அவர்களுடைய முக்கியமான கைத்துப்பாக்கி.

என் மேசையில் இப்போது இருப்பது 1940ல் அச்சான கையேடு. சட்டைப் பைக்குள் அடங்கும். யாரோ ஒருவருடைய எண்ணெய் விரல் ரேகை ஒரு பக்கத்து ஓரத்தில் அப்படியே பதிந்திருக்கிறது. வர்ணனையே கிடையாது, எல்லாம் கட்டளைதான். முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை எடு, குழலுக்கு மேலே நகரும் ஸ்லைடைப் பின்னால் இழு, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று கண்ணால் பார். அப்புறம்தான் மற்றதெல்லாம். யார் எதுவரை கழற்றலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. சிப்பாய் குழல், ஸ்லைடு, ஸ்பிரிங் என்று கழற்றித் துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு மாட்டிவிட வேண்டும். அதற்கு மேல் உள்ளே கை வைப்பது ஆயுதப் பழுது பார்க்கிறவன் வேலை.

இதைப் படித்ததும் உங்கள் குரல்தான் கேட்டது. "பாபின் கேஸ், பல்லு, அதோட உன் கை நிக்கணும். டென்ஷன் ஸ்க்ரூவைத் தொட்டே, தோலை உரிச்சிருவேன்." ஏழாவது படிக்கும்போது தொட்டேனே! அந்தக் கம்பிச் சுருள் பறந்துபோய், புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி நாம் தேடினோம். தோலை உரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கேயும் அதே கதைதான். இந்தப் பிஸ்டலில் குழல் முனையில் ஒரு வளையம் உண்டு. அதைத் திருப்பினால் கீழே ஸ்பிரிங்கை அடைத்திருக்கும் சின்ன மூடி விடுபடும். விரலால் அழுத்திப் பிடித்துக்கொள் என்று கையேடு சொல்கிறது. அந்தப் பக்கத்தை அன்று காலையில்தான் ஸ்கேன் செய்திருந்தேன். மதியம் காலித் துப்பாக்கி ஒன்றைக் கழற்றக் கொடுத்தார்கள், விட்டுவிட்டேன். அந்த மூடி டியூப் லைட்டில் பட்டு அலமாரிக்குப் பின்னால் போய் விழுந்தது. என்னோடு வேலை செய்கிற ஓய்வுபெற்ற ராணுவக்காரர் திட்டவில்லை. எழுபது வயதில் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிட்டார்.

சுத்தம் செய்கிற பகுதி உங்களுக்குப் பிடிக்கும். அந்தக் காலத்துத் தோட்டாவின் பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கிற சின்ன பொட்டு, வெடித்தால் குழலுக்குள் ஒரு வகை உப்பு படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஒரே ராத்திரியில் துரு பிடித்துவிடும். எண்ணெய் போட்டால் உப்பு கரையாது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகுதான் எண்ணெய். அந்த எண்ணெயும் அளவோடுதான், அதிகமானால் தூசி ஒட்டும். பக்கத்துக் கடைக்காரர் தேங்காயெண்ணெயை ஊற்றி மிஷினைப் பிசுக்கேற்றியபோது நீங்கள் அவரிடம் சொன்னதும் இதுதானே.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் உலக யுத்த சமயத்தில் இந்தப் பிஸ்டலைப் பல கம்பெனிகள் செய்தன. டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட் லட்சக்கணக்கில் செய்தது. நம் சிங்கரும் செய்தது அப்பா! சிங்கரால் முடியுமா என்று பார்க்க 1940ல் ஒரு சோதனை ஆர்டர் கொடுத்தார்கள், மொத்தம் 500 பிஸ்டல். வரிசை எண் எஸ் 800001 முதல் 800500 வரை. அதோடு சரி. அப்புறம் ராணுவம் சிங்கருக்கு விமான எதிர்ப்புப் பீரங்கியைக் குறிவைக்கும் கருவி செய்யும் வேலையைக் கொடுத்துவிட்டது. அந்த ஐந்நூறில் ஒன்று ஏலத்தில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும் உண்டு. நீங்கள் தைக்கிற மிஷினின் தம்பிக்கு அவ்வளவு விலை!

அதைச் செய்த தொழிற்சாலை நான் இருக்கும் இதே ஊரில்தான் இருந்தது. 1873ல் திறந்து 1982ல் மூடியிருக்கிறார்கள். போன ஞாயிறு பஸ் ஏறி அந்தப் பக்கம் போய், காற்று காதை அறுக்க அறுக்கக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு உதவி. குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடையில் இருக்கிற தாத்தாவின் கருப்பு மிஷினைப் பாருங்கள். அடித்தட்டில் வலது பக்கம் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டு, தம்பியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒய் அல்லது எஃப் என்று ஆரம்பித்தால் அது ஸ்காட்லாந்தில் செய்தது. ஜி என்று ஆரம்பித்தால் இந்த ஊர்.

அம்மாவிடம் துப்பாக்கி விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லுங்கள். இந்த மாதப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.

உங்கள் மகன்