இம்பாக்ட் கன் வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள மாப்ள,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் அன்றைக்கே பார்த்துவிட்டேன். பதில் போடத் தாமதமானதற்கு அம்மாதான் காரணம். இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள், ஆனால் அம்மாவை அடுப்படிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது ஒரு லாரி இன்ஜினை இறக்கி ஏற்றுவதைவிடப் பெரிய வேலை. இப்போது நன்றாக இருக்கிறார். வாசலில் உட்கார்ந்தபடியே எதிர்க்கடை போர்டைப் படித்துக் காட்டுகிறார். உன்னையும் விசாரித்தார், தூத்துக்குடிக்காரன் மக்ரூன் கொண்டுவந்து எத்தனை வருஷமாச்சு என்று கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நட்டு போல்ட்டைத் தட்டித் தட்டிக் கழற்றும் பேட்டரி இம்பாக்ட் கன் இரண்டு: ஆறாயிரம் ரூபாய்க்கு 1200 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் பலத்தின் அளவு) என்று ஸ்டிக்கர் ஒட்டிய கன் ஒன்று, முப்பதாயிரத்தை ஒட்டி 400 நியூட்டன் மீட்டர் என்று போட்ட பாஷ் கன் ஒன்று. விலை ஐந்து மடங்கு, பலம் மூன்றில் ஒரு பங்கு, இதில் எதை எடுக்க என்று கேட்டிருக்கிறாய். முப்பதாயிரத்தை எடு. இதே கணக்கைப் போட்டு ஆறாயிரத்தை எடுத்தவன் நான், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கினேன். பெட்டியில் இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர், நட்டின் தலையில் மாட்டுகிற சாக்கெட் நான்கு. முதல் மூன்று மாதம் குறை சொல்ல ஒன்றுமில்லை, கார் வீல் நட்டெல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கழன்று வந்தது, பையன்கள் சந்தோஷமாக ஆளுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி பைபாஸிலிருந்து போன் வந்தது. மதுரையிலிருந்து சேலம் போகிற குடும்பம், பின் டயர் வெடித்துவிட்டது, கூட ஒரு கைக்குழந்தை. ஜாக்கியையும் கன்னையும் வண்டியில் போட்டுக்கொண்டு போனேன். இரண்டு நட்டு வந்துவிட்டது. மூன்றாவது, எங்கேயோ ஒரு பஞ்சர் கடையில் கம்ப்ரசர் காற்றில் ஓடும் ஏர் கன் வைத்து வெறித்தனமாக முறுக்கி விட்டிருக்கிறார்கள், அசையவில்லை. பேட்டரியில் மூன்று விளக்கும் எரிகிறது. ட்ரிகரை அழுத்தினால் மூன்று ஒன்றாகிறது, கன் கடகடவென்று சத்தம் போடுகிறது, சாக்கெட் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரண்டாவது பேட்டரியும் அப்படியே. கடைசியில் வீல் ஸ்பேனரில் இரண்டடி பைப்பைச் சொருகி, மேலே ஏறி நின்று கழற்றினேன். அரை மணி நேரம். பக்கத்தில் டேங்கர் லாரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகின்றன, அந்தப் பெண் குழந்தையைப் புடவைக்குள் போர்த்திக்கொண்டு குடைக்குக் கீழே நிற்கிறது. அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லைடா.

மறுநாள் காலையில் பேட்டரியைத் திறந்தேன். நான்கு ஸ்க்ரூதான். உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறாய்? பெட்டியில் பாதி காலி. பத்து செல் உட்காரக் கூடிய இடத்தில் ஐந்து செல், மீதி இடத்தில் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் துண்டு. டார்ச் லைட்டுக்குப் போடுகிற அதே 18650 ரகம், அதாவது 18 மில்லிமீட்டர் கனம், 65 மில்லிமீட்டர் நீளம். மீட்டர் வைத்துப் பார்த்தேன், நான்கு செல் 3.9 வோல்ட் காட்டுகிறது, ஐந்தாவது 2.9. சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் முழுச் சங்கிலியும் பலவீனம்தானே, பளு விழுந்ததும் அந்த ஐந்தாவது செல் படுத்துவிடுகிறது, மொத்தமும் படுத்துவிடுகிறது.

இதை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொள். ஒரு லித்தியம் செல் சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் 18, முழு சார்ஜில் 21. அதனால் 18 வோல்ட் என்று போட்டாலும், 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டாலும், 21 வோல்ட் என்று போட்டாலும் உள்ளே இருப்பது ஒரே ஐந்து செல் வரிசைதான். டிவால்ட்டின் ஒரே வரிசைக் கருவிகள் அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் விற்கின்றன. நீ அனுப்பிய படத்தில் 288 வி.எஃப். என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே, அது வோல்ட்டே இல்லை. 88, 128, 288 எல்லாம் ஸ்டிக்கர் அடிப்பவர் இஷ்டம். அடுத்து நாம் ஆம்பியர் என்று சொல்வது, அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற ஆம்பியர் ஹவர் கணக்கு. என் பேட்டரியில் 6000 மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது 6 ஆம்பியர், என்று எழுதியிருந்தது. ஐந்து செல்லை வரிசையாகக் கோர்த்தால் வோல்ட்தான் கூடும், ஆம்பியர் ஒரு செல்லின் அளவிலேயே நிற்கும், உலகத்தில் நல்ல 18650 செல்லே 3500ஐ ஒட்டித்தான் பிடிக்கும். அப்படியானால் 6000 எங்கிருந்து வரும்? கடையில் திறந்து பார்க்க விட மாட்டார்கள், ஆனால் கையில் தூக்கிப் பார்க்கலாம். ஒரு செல் 45 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, பத்து செல் உள்ள உண்மையான 5 ஆம்பியர் பேட்டரி அறுநூறு கிராமைத் தொடும். கையில் வைத்ததும் காலி டப்பா மாதிரி இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடு.

பேட்டரியைப் பற்றியே ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், இந்த மெஷினில் பலம் அங்கிருந்துதான் வருகிறது. நம் கையில் பெரிய முறுக்கு வராமல் நட்டில் மட்டும் வருவது எப்படி? உள்ளே ஒரு சுத்தியல் ஸ்பிரிங்கை எதிர்த்துப் பின்னால் போய், தனியாகக் கொஞ்சம் சுழன்று வேகம் எடுத்து, சாக்கெட் மாட்டுகிற தண்டின் காதில் அடிக்கிறது. நிமிஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் அடி. அந்த அடியின் பலம் வேகத்தைப் பொறுத்தது, வேகம் பாதியானால் பலம் பாதி இல்லை, கால்வாசி. பளு ஏறும்போது வோல்ட் சரிந்தால் மோட்டார் வேகம் சரியும், அப்போது உனக்குக் கிடைப்பது சத்தம் மட்டும்தான். நல்ல செல் போட்ட பேட்டரி அந்த நேரத்தில் சரியாமல் நிற்கும். நீ கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. மீதி பிரஷ் இல்லாத மோட்டார், தேயாத தண்டு, சூடேறினால் தானே நிறுத்திக்கொள்ளும் சர்க்யூட், அப்புறம் நாளைக்கு ஸ்விட்ச் போனால் ஸ்விட்ச் மட்டும் வாங்கி மாட்டக்கூடிய சர்வீஸ். என்னுடைய கன்னுக்கு ஸ்விட்ச் தேடி அலைந்தேன், விற்ற கடைக்காரரே புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

இப்போது எண்ணுக்கு வருவோம். நம் ஆட்கள் கிலோவில்தானே பேசுவோம், பத்து நியூட்டன் மீட்டர் சுமாராக ஒரு கிலோ என்று வைத்துக்கொள். சின்ன கார் வீல் நட்டுக்குப் பத்து கிலோவை ஒட்டித்தான் தேவை, இன்னோவாவுக்கு 103 நியூட்டன் மீட்டர். அதை 1000 நியூட்டன் மீட்டர் கன் வைத்துக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் உன் ஊர் தூத்துக்குடி. உப்பளக் காற்றில் நிற்கும் வண்டியில் சஸ்பென்ஷன் போல்ட்டு, ஹப் நட்டு எல்லாம் மரையோடு மரை துருவேறி ஒட்டிக்கிடக்கும், பத்து கிலோ போட்டு முறுக்கியது முப்பது நாற்பது கேட்கும். அதனால் 300 முதல் 400 வரை இறுக்கும் பலமும் 600ஐ ஒட்டிக் கழற்றும் பலமும் உள்ள நடு ரகம்தான் உனக்குச் சரி. மகிட்டாவில் டி.டி.டபிள்யூ. 300 இருக்கிறது, இறுக்க 330, கழற்ற 580. பாஷில் நீ பார்த்த ஜி.டி.எஸ். 18வி-400, இறுக்க 400, கழற்ற 600. இந்த இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம். இந்த இறுக்குவது, கழற்றுவது என்கிற இரண்டு எண்ணும் வேறு வேறு, மலிவுக் கன்னில் எது என்று சொல்லாமல் ஒரே எண்ணைப் போட்டிருப்பார்கள், அதையும் கவனி.

மகிட்டா டி.டி.டபிள்யூ. 1002 பற்றியும் கேட்டிருந்தாய். 1000 இறுக்கும், 1600 கழற்றும், அருமையான மெஷின். ஆனால் நாள் முழுக்க ஆல்ட்டோவும் ஸ்விஃப்டும் பார்க்கிறவனுக்கு அந்தக் கனமும் வேண்டாம், அந்தப் பலமும் வேண்டாம். லாரி வீல் நட்டுக்கு 500, 600 என்று போகும், அதற்கு மச்சான் பட்டறையில் இன்றைக்கும் ஒரு இஞ்சு ஏர் கன்தான் ஓடுகிறது. நீயும் கம்ப்ரசரை விற்றுவிடாதே. கரண்ட் இருக்கும்போது கடையில் ஏர் கன், வெளி வேலைக்கும் கரண்ட் இல்லாதபோதும் பேட்டரி கன், அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மலிவுச் சாமானே ஆகாது என்று சொல்ல வரவில்லை. என் பழைய கன்னை இப்போது மச்சான் பையன் வைத்திருக்கிறான், ஷெட் போடும் வேலையில் சின்ன போல்ட்டு முறுக்க, நன்றாகத்தான் உழைக்கிறது. இங்கோ, டோட்டல் மாதிரி நடு விலைக் கம்பெனிகளும் இருக்கின்றன, ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கும், 20 வோல்ட் என்றுதான் போடுகிறார்கள், 288 என்றெல்லாம் இல்லை. முப்பதாயிரம் இப்போது நிஜமாகவே புரளாது என்றால் அந்தப் பக்கம் போ, கடன் வாங்கி வாங்க வேண்டாம். ஆனால் எண்ணைப் பார்த்து ஏமாந்து அந்த ஆறாயிரத்தைத் தொலைக்காதே.

சாக்கெட் விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதே. பளபளவென்று குரோம் பூசிய கை சாக்கெட்டை இம்பாக்டில் மாட்டவே மாட்டாதே. கறுப்பாக, சுவர் தடிப்பாக இருக்கும் குரோம் மாலி (குரோம் மாலிப்டினம் எஃகு) சாக்கெட்தான் இதற்கு. பெட்டியோடு வந்த சாக்கெட் ஒன்று என் கையிலேயே வெடித்துப் பிளந்தது, ஒரு சில்லு முழங்கைக்குக் கீழே பாய்ந்து இரண்டு தையல். கண்ணுக்கு வந்திருந்தால்? அன்றிலிருந்து கடையில் கண்ணாடி போடாமல் யாரும் கன்னைத் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். உன் பையன்களுக்கும் முதலிலேயே வாங்கிக் கொடு.

இன்னொரு செய்தி, போனில் சொல்ல மனசு வரவில்லை. நம் ஐ.டி.ஐ. ஃபிட்டர் சார் போன மாதம் தவறிவிட்டார். தகவல் தெரிந்து நானும் இன்னும் மூன்று பேரும் போனோம். அவர் வீட்டுத் திண்ணையில் அந்தப் பழைய வைஸ் அப்படியே இருந்தது, துளி துரு இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். நட்டை முதலில் விரலால் நான்கு மரை ஏற்றாமல் ஸ்பேனரைத் தொட்டால் முட்டியிலேயே அடிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏனென்றால் இந்தக் கன் வந்த பிறகு என் கடையில் முதலில் போனது அந்தப் பழக்கம்தான். பையன் நட்டைச் சாக்கெட்டுக்குள்ளேயே போட்டு நேராக ஸ்டட்டில், அதாவது நட்டு ஏறும் மரைக் கம்பியில், வைத்து ட்ரிகரை அழுத்திவிடுவான். மரை மாறி ஏறி ஒரு அலாய் வீல் வண்டியில் ஸ்டட்டே ஒடிந்தது, என் காசில் மாற்றிக் கொடுத்தேன். இப்போது விரலால் ஏற்றுவது, கன்னில் லேசாக ஓட்டி உட்கார வைப்பது, எதிரெதிர் நட்டாக டார்க் ரெஞ்சில் (குறித்த பலத்துக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) முடிப்பது, இதற்குமேல் பேச்சே இல்லை. கன் கழற்றுவதற்கு, இறுக்கி முடிப்பது டார்க் ரெஞ்ச். உன்னிடம் இல்லையென்றால் கன் பட்ஜெட்டிலேயே அதற்கும் ஒதுக்கிக்கொள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் கடையில் ஏற்கெனவே ஒரு பேட்டரி டிரில் வைத்திருந்தாயே, அது எந்தக் கம்பெனி? பாஷ் நீல நிற 18 வோல்ட் என்றால் அதே பேட்டரி இந்தக் கன்னிலும் உட்காரும், பேட்டரி சார்ஜர் இல்லாமல் வெறும் மெஷினாகவே வாங்கலாம், நிறையக் காசு மிச்சம். பச்சை நிறம் வீட்டு உபயோக ரகம், அது இதில் சேராது. மகிட்டா 18 என்றால் அவர்களுடைய 40 வோல்ட் மெஷினில் சேராது, 18லேயே பார்க்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மகிட்டா பேட்டரியில் போலி ஏராளமாகப் புழங்குகிறது, நீ வைத்திருப்பது அசல்தானா என்பதும் தெரிந்துவிடும். எதை வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்கு, பில் இல்லாமல் வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது. வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த சூட்டோடு பேட்டரியை சார்ஜில் போடாதே, கொஞ்சம் ஆறட்டும்.

படம் வந்ததும் சேலத்தில் எனக்குத் தெரிந்த டீலரிடம் விலை கேட்டுச் சொல்கிறேன். முடிந்தால் நீயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா, என் கடையில் இருக்கிற நல்ல கன்னைக் கையில் பிடித்து, மச்சான் பட்டறையில் கிடக்கும் துருப்பிடித்த ஹப்பில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வரும்போது அம்மாவுக்கு மக்ரூன் மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
நாமக்கல்