பி.எச்.டி. இன்டர்வியூல எனக்கு எதிர்ல உக்காந்திருந்தவங்களுக்கும், இனிமே உக்காரப் போறவங்களுக்கும்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

தமிழ்நாட்டு யுனிவர்சிட்டிகள்ல சைக்காலஜி பி.எச்.டி.க்கு ஆள் எடுக்கிற பேராசிரியர்கள் எல்லாருக்கும் பொதுவா இத எழுதறேங்க. பசங்க கெட்டுப் போறத சின்ன வயசுலயே தடுக்கறத பத்தி ஒரு தலைப்ப எடுத்துகிட்டு போன வருஷம் ஒரு இன்டர்வியூக்கு போயிருந்தேன், "இது சைக்காலஜியே இல்ல, முடியாது"ன்னு சொல்லிட்டாங்க. எந்த ஊருன்னு சொல்ல வேண்டாம், ஏன்னா அங்க என்கிட்ட சொன்ன அதையே வேற எடங்கள்ல வேற பசங்ககிட்டயும் சொல்லியிருக்காங்கன்னு அப்புறமா பேசிப் பாத்தப்பதான் தெரிஞ்சது.

நான் நீலகிரியில பந்தலூர் தாலுகா. எஸ்டேட் லயத்துல, அதாவது தோட்டத் தொழிலாளிங்களோட வரிசை வீட்டுல, பொறந்து வளந்தவ. எங்க அப்பாயி, இலங்கைத் தோட்டத்துல இருந்த தமிழர்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பின 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல வந்தவங்க, தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு அப்புறம் மலையேறி வந்து தேயிலைக் கொழுந்து எடுத்தாங்க, அம்மாவும் கொழுந்துதான். எம்.எஸ்சி. அப்ளைடு சைக்காலஜி முடிச்சுட்டு ஆறு வருஷமா இந்த சுத்துவட்டாரத்து ஸ்கூல்கள்ல கவுன்சிலரா இருக்கேன்.

என்கிட்ட வர்ற பசங்க பெரும்பாலும் ஒம்பதாவது பத்தாவது. சரியா ஸ்கூலுக்கு வர்றதில்ல, வந்தா அடிதடி, சில பேரு குடிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. ஹெச்.எம். கூப்பிட்டு "கொஞ்சம் பேசுங்க மேடம்"னு விடுவாரு. பேசுவேன். சில பேரு திரும்பி வருவாங்க, நெறைய பேரு வரமாட்டாங்க, தோட்ட வேலைக்கோ திருப்பூருக்கோ போயிடுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அப்படி நின்னுபோன ஒரு பையனோட பழைய ஆரம்பப் பள்ளிக்கு போனப்ப அங்க டீச்சர் பீரோவுல இருந்து பழைய வருகைப் பதிவேட்ட எடுத்துக் காட்டினாங்க. ரெண்டாப்புலயே அந்தப் பேருக்கு நேரா வாரத்துல ரெண்டு நாள் மூணு நாள் ஆப்சென்ட். "அப்பவே இவன் பென்ச்ல உக்கார மாட்டான், எல்லாரையும் அடிப்பான், நாங்க வெளிய நிக்க வச்சிடுவோம்"னு சொன்னாங்க. ஏழு வருஷம் முன்னாடியே அந்த நோட்டுல எழுதி இருந்தத நான் ஒம்பதாவதுல வந்து கண்டுபிடிக்கிறேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

அதுக்கப்புறம்தான் தடுப்பு ஆராய்ச்சின்னு, ப்ரிவென்ஷன் சயின்ஸ்னு ஒரு துறை இருக்கிறத தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில அந்தப் பேருலயே பி.எச்.டி. இருக்கு, மாசசூசெட்ஸ்ல லோவெல்ங்கற ஊர்ல அப்ளைடு சைக்காலஜியையும் ப்ரிவென்ஷன் சயின்ஸையும் சேத்தே டாக்டரேட் குடுக்கறாங்க. அந்தத் துறைக்காரங்க தடுப்ப மூணா பிரிப்பாங்க: எல்லாருக்கும் பொதுவா செய்யறது, ஆபத்து அதிகமா இருக்கிற கூட்டத்துக்கு செய்யறது, அறிகுறி தெரிய ஆரம்பிச்ச ஆளுக்கு செய்யறது. நான் ஆறு வருஷமா மூணாவதுலயே, அதுவும் அதோட கடைசி நிமிஷத்துல நின்னுகிட்டு இருந்திருக்கேன்.

நான் கொண்டு வந்த தலைப்பு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குட் பிஹேவியர் கேம். அமெரிக்காவுல கான்சஸ்ல ஒரு நாலாங்கிளாஸ்ல மொதல்ல பண்ணிப் பாத்து 1969ல பதிப்பிச்ச சின்ன வெளையாட்டு அது. கிளாஸ ரெண்டு மூணு டீமா பிரிக்கறது, எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது, அடிக்கக் கூடாதுன்னு நாலு விதி, கொஞ்ச நேரம் வெளையாட்டு, விதிய மீறினா டீமுக்கு ஒரு புள்ளி, புள்ளி ஒரு அளவுக்கு மேல போகாத டீம் எல்லாமே ஜெயிக்கலாம். பசங்க ஒருத்தர ஒருத்தர் அடக்கிப் பழகுறாங்க, டீச்சர் குச்சி எடுக்க வேண்டியதில்ல. 1980கள்ல பால்டிமோர்ல ஷெப்பர்ட் கெல்லம்ங்கற மனநல மருத்துவரும் அவரு டீமும் இத ஒண்ணாங்கிளாஸ்ல வச்சு பண்ணினாங்க, எந்த கிளாஸுக்கு வெளையாட்டு எந்த கிளாஸுக்கு இல்லன்னு குலுக்கல்ல போட்டு. அந்தப் புள்ளைங்க 19-21 வயசு ஆனப்புறம் தேடிப் புடிச்சு கேட்டப்ப, வெளையாடின கிளாஸ்ல இருந்தவங்ககிட்ட போதை, குடி பிரச்சினை கம்மியா இருந்துச்சு, குறிப்பா சின்ன வயசுல முரட்டுத்தனமா இருந்த ஆம்பளப் பசங்ககிட்ட. எனக்கு அந்தப் பதிவேட்டுல இருந்த பேருதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

நீங்க சொன்னது மூணு விஷயம். இது சோஷியல் ஒர்க், சைக்காலஜி இல்ல. இது முடியாது, பதினஞ்சு வருஷம் ஆகும். 300 காலேஜ் ஸ்டூடன்ட்ஸ்கிட்ட ரெண்டு ஸ்கேல், அதாவது மனச அளக்கிற கேள்வித்தாள், குடுத்து ரெண்டுக்கும் தொடர்பு பாத்து சீக்கிரம் முடிச்சிடும்மா. நல்லதுக்குதான் சொன்னீங்கன்னு தெரியும், குரல்ல அக்கறை இருந்துச்சு. ஆனா அன்னிக்கு பயத்துல சொல்ல முடியாதத இப்ப சொல்றேன்.

மொதல்ல அந்த 300. ஒரே கிளாஸ்ல படிக்கிற 20 புள்ளைங்க 20 தனித்தனி ஆள் இல்லங்க, ஒரே டீச்சர், ஒரே லயம், பாதிப் பேரு சித்தப்பா பெரியப்பா புள்ளைங்க. வெளையாட்டு கிளாஸுக்கு நடக்குதுன்னா கணக்கும் கிளாஸ் கணக்கா ஸ்கூல் கணக்காதான் வரணும், மூணு ஸ்கூல்ல 300 பேர எடுத்தா அது மூணு ஸ்கூலுக்கு பக்கத்துலதான் நிக்குமே தவிர 300க்கு பக்கத்துல இல்ல. அதனாலதான் எனக்கு 300 புள்ள வேணாம், சின்னச் சின்ன ஸ்கூலா 24 வேணும்னு கேட்டேன். சீட்டு குலுக்கி 12 ஸ்கூல் இந்த வருஷ ஒண்ணாப்புக்கு ஆரம்பிக்கட்டும், மிச்ச 12 அடுத்தடுத்த வருஷ ஒண்ணாப்புக்கு ஆரம்பிக்கட்டும், எந்த ஸ்கூலும் நமக்கு மட்டும் இல்லையான்னு நெனைக்க வேண்டியதில்ல.

அடுத்து அந்த ஸ்கேல். ஒரு தடவ வேற ஒருத்தரோட ஆராய்ச்சிக்காக மொழிபெயர்த்த கேள்வித்தாள எடுத்துகிட்டு நானே ஒரு ஸ்கூலுக்கு போனேன். "கடந்த இரு வாரங்களில் மனச்சோர்வு அடைந்தீர்களா"ன்னு இருந்துச்சு. ஒரு புள்ள எந்திரிச்சு "மனச்சோர்வுன்னா என்ன டீச்சர்"னு கேட்டா. எங்க லயத்துல மனசு சரியில்லன்னு சொல்லுவாங்க, நெஞ்சு அடைக்குதும்பாங்க, கை காலு ஓயுதும்பாங்க. அந்த கிளாஸ்ல பணியர், காட்டுநாயக்கர்னு பழங்குடி வீட்டுப் புள்ளைங்களும் இருந்தாங்க, அவங்க வீட்டுல பேசறது தமிழே இல்ல. எல்லாரும் மூணாவது கட்டத்துல டிக் அடிச்சுக் குடுத்துட்டாங்க. அது ஒரு ஆய்வேட்டுல அட்டவணையா வந்திருக்கும். கட்டம் போட்ட தாள விட டீச்சர் கையில இருக்கிற வருகைப் பதிவேடு எனக்கு நெஜமான தரவா படுது, கிளாஸ் பின்னாடி உக்காந்து அர மணி நேரத்துல எத்தன தடவ அடிதடி நடக்குதுன்னு எண்ணுறது அதவிட நெஜம்.

இது சைக்காலஜியே இல்லன்னு சொன்னதுக்கு ஒரு விஷயம் சொல்றேன், இது எங்க வீட்டோட ஒட்டினது. அப்பாயி வந்த இலங்கையில ரொம்ப விஷமான பூச்சி மருந்துகள 1995ல தடை பண்ணினாங்க, அடுத்த பத்து வருஷத்துல தற்கொலை விகிதம் கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சது. அந்த ஊருல ஒவ்வொருத்தர் துக்கத்தையும் யாரும் போயி தீத்து வைக்கல, ஒரு கெட்ட நேரம் கடந்து போறவரைக்கும் விஷம் கைக்கு எட்டாம இருந்துச்சு, அவ்வளவுதான். மனசுல வர்ற வேகம் கொஞ்ச நேரத்துல தணியும்ங்கறது சைக்காலஜி இல்லாம வேற என்ன? நம்ம தமிழ்நாட்டுலயே தற்கொலை தடுப்புக்காக வேலை செய்யற சென்னை ஸ்நேகா அமைப்பு கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோயில் பக்கம் பூச்சி மருந்த வீட்டுல வைக்காம ஊருக்குப் பொதுவா பெட்டி பெட்டியா பூட்டி வச்சுப் பாத்து, ரெண்டு ஊருல செஞ்சு ரெண்டு ஊர ஒப்பிட்டு, 2013ல பதிப்பிச்சாங்க. இங்கயே நடந்த வேலை இது.

தடுக்கறத ஆராய்ச்சி பண்ணித்தான் ஆகணுமா, நல்லது செஞ்சா போதாதாங்கற கேள்வியும் ஒரு மேடம் கேட்டீங்க. போதாதுங்க. பாஸ்டன் பக்கத்துல 1939ல 506 பசங்கள எடுத்து பாதிப் பேருக்கு வருஷக்கணக்கா ஆள் போட்டு, டியூஷன், மருத்துவம், கோடை கேம்ப்னு அன்பா எல்லா உதவியும் பண்ணினாங்க. முப்பது வருஷம் கழிச்சு ஜோன் மெக்கார்ட்ங்கற ஆராய்ச்சியாளர் அவங்கள தேடிப் பாத்து 1978ல எழுதினாங்க, உதவி கெடச்ச பாதிதான் பல விஷயத்துல மோசமா இருந்துச்சு. உதவி வாங்கினவங்க நல்லதுன்னுதான் சொன்னாங்க, ஒப்பிட்டுப் பாக்க அந்த இன்னொரு பாதி இல்லன்னா இது யாருக்கும் தெரிஞ்சே இருக்காது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல 1983ல போலீஸ்காரங்க கிளாஸுக்கு வந்து போதை பத்தி பாடம் எடுக்கிற டேர் திட்டம் ஆரம்பிச்சு நாடு பூரா பரவுச்சு, ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா போதை பழக்கத்துல பெருசா வித்தியாசமே இல்ல. நாங்களும் ஜூன் 26 போதை ஒழிப்பு தினம் ஆனா கொட்டுற மழையில புள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு பேரணி போறோம். நானும் பேனர் புடிச்சிருக்கேன், அதுல போற டீச்சர்களோட அக்கறைய கொறை சொல்ல மாட்டேன், ஆனா அதனால ஒரு பையனாவது குடிக்காம இருந்தானான்னு கேட்டா எங்க யார்கிட்டயும் பதில் இல்ல.

எங்க மலையில இருக்கிறவங்களுக்கு தடுப்புன்னா புரியும். 2009 நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கமெல்லாம் மண்ணு சரிஞ்சு எத்தன உசுரு போச்சு. இப்ப மழைக்கு முன்னாடியே அபாயம் உள்ள எடம்னு லிஸ்ட் எடுத்து, ஓடை தூர் வாரி, ஆளுகள முன்கூட்டியே ஸ்கூலுக்கு மாத்தறாங்க. சரியாத வீட்ட யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, ஆனாலும் அந்த வேலைய யாரும் வேண்டாம்னு சொல்றதில்ல.

இப்ப அந்த பதினஞ்சு வருஷம். இதுதான் நான் ரொம்ப யோசிச்சது. 2022 யுஜிசி விதிப்படி பி.எச்.டி.க்கு கொறஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, பொம்பளைங்களுக்கு இன்னும் 2 வருஷம் வரைக்கும் கூட்டித் தரலாம், வேலை பாத்துகிட்டே பார்ட் டைமாவும் பண்ணலாம். ஆறு வருஷம்னா என்ன தெரியுமா? இந்த ஜூன்ல ஒண்ணாப்பு சேர்ற புள்ள ஆறாவது வருஷம் ஆறாப்புக்கு போகணும். எங்க ஊருல அஞ்சாப்பு வரைக்கும் பக்கத்துலயே ஸ்கூல், ஆறாப்புக்கு பஸ் ஏறணும், யானை நிக்கிற ரோட்டுல நடந்து போயி அந்த பஸ்ஸ புடிக்கணும், புள்ளைங்க நின்னுபோறது பெரும்பாலும் அந்த எடத்துலதான். அந்த எடத்த ஒரு பி.எச்.டி.க்குள்ள பாத்துடலாம். 20 வயசுல குடிச்சானா இல்லையாங்கறது எனக்குத் தெரிய வேண்டியதில்ல, அது அடுத்த ஆளோட பி.எச்.டி.

அதனால நான் கேக்கறது இதுதான். ஒரு ஆய்வேடு முழுக் கதையும் சொல்லணும்னு எதிர்பாக்காதீங்க. நான் ஒண்ணாப்புல இருந்து ஆறாப்பு வரைக்கும் பாத்துட்டு, பெற்றோர் சம்மதம், புள்ளைங்களோட சம்மதம் ரெண்டும் வாங்கி, பேர மறைச்சு குறியீடு போட்டு அந்தத் தரவ துறையிலயே பூட்டி வச்சுட்டு போறேன். அடுத்து வர்ற ஸ்டூடன்ட் அதே புள்ளைங்கள பத்தாப்பு வரைக்கும் பாக்கட்டும், அதுக்கடுத்தவங்க 20 வயசு வரைக்கும். இப்ப ஒவ்வொரு பி.எச்.டி.யும் முடிஞ்சா அந்தக் கேள்வித்தாள் கட்டு ஒரு மூட்டையா எங்கயோ போயிடுது, அடுத்தவங்க மறுபடியும் வேற 300 பேர தேடறாங்க. வருஷத்துக்கு ஒரு புது கைடுகூட வேணாம், ஒரே ஒரு துறை இப்படி ஒரு தொடர ஆரம்பிச்சா போதும்.

இன்னொண்ணு, கொஞ்சம் கஷ்டமானது. ஆறு வருஷம் கழிச்சு ரெண்டு பக்க ஸ்கூலுக்கும் வித்தியாசமே இல்லன்னு வந்துச்சுன்னா? பால்டிமோர்ல நடந்தது நாலு கிளாஸுக்கு ஒரே டீச்சர் இருக்கிற எங்க ஸ்கூல்ல நடக்காம போகலாம். அப்பவும் அத பி.எச்.டி.யா ஏத்துக்குவோம்னு மொதல் நாளே, திட்டத்தப் பாத்தே சொல்லிடுங்க. முடிவப் பாத்து மார்க் போட்டா ஸ்டூடன்ட் கை தானா எங்கயாவது ஒரு நட்சத்திரக் குறி, அதாவது வித்தியாசம் இருக்குன்னு காட்டற குறி, வர்ற அட்டவணைய தேடிப் போகும், அதுக்கு அவங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

ஸ்டைபண்ட் பத்தி நான் பேசல, பார்ட் டைம்ல சமாளிச்சுக்குவேன்.

மறுபடியும் அப்ளை பண்ணப் போறேன், இதே தலைப்புலதான். அதுக்கு முன்னாடி உங்கள்ல யாராவது ஒருத்தராவது ஒரு நாள் இங்க வாங்க. தேவாலா பக்கம் ஜூன் ஜூலையில மழை நிக்காது, அதனால ஜனவரியில வந்தா நல்லது, கூடலூர் வரைக்கும் பஸ் இருக்கு, அங்க இருந்து நானே கூட்டிட்டு போறேன். காலையில ஒம்பதரைக்கு ஒண்ணாப்புல பின்னாடி பாய் மேல உக்காந்து அர மணி நேரம் பாருங்க. டீச்சர்கிட்ட பதிவேடும் காட்டச் சொல்லி கேட்டு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பந்தலூர்ல இருந்து ஒரு ஸ்கூல் கவுன்சிலர்